நாற்பத்து மூன்றாவது பெட்டி

ஆரையம்பதியில் நல்லரத்தினத்தின் வீட்டுக் கம்பியூட்டர் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு உயிரை விட்டது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. புஸ் என்று ஒரு மூச்சு, பின்பக்கத்திலிருந்து கருகல் வாடை, அவ்வளவுதான். அந்த நேரம் அவருடைய மனைவி அன்னப்பூரணி, திரையில் சீட்டு விளையாட்டின் கலாவரை ராசாவை இழுத்துக்கொண்டு வெறும் இடத்துக்குப் பாதி வழி போயிருந்தாள். ராசா நடுவழியில் நின்றார். பிறகு திரையே கறுத்துப்போனது.

"இஞ்ச ஓடியாங்க, ராசா செத்துப்போனார்" என்று அவள் குசினிப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள்.

தேங்காய் துருவிக்கொண்டிருந்த நல்லரத்தினம் திருவலையை அப்படியே விட்டுவிட்டு வந்து பார்த்தார். பெட்டியைத் தட்டினார், வயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினார், தனக்குத் தெரிந்த இரண்டு வைத்தியத்தையும் செய்து முடித்தபின் தலையில் கை வைத்துக்கொண்டு குந்திவிட்டார்.

இருபது வருஷத்துப் பழைய பெட்டி செத்ததற்கு ஒரு மனிதன் தலையில் கை வைப்பானா என்று கேட்கலாம். அன்னப்பூரணியின் வலது கையின் கதை தெரிந்தால் கேட்க மாட்டீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன் அவளைப் பாரிசவாதம் அடித்தது. கால் ஒருமாதிரி வழிக்கு வந்தது, கை வழங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு இறப்பர் பந்தைக் கொடுத்து ஒரு நாளைக்கு நூறு தரம் அமத்தச் சொன்னார்கள். "நான் என்ன சின்னப்பிள்ளையா பந்து விளையாட?" என்று அவள் அதைப் பக்கத்து வளவு நாய்க்குக் கொடுத்துவிட்டாள். நாய்க்கு இப்போது வாய் நல்ல பலம்.

அப்போதுதான் நல்லரத்தினம் யோசித்து, மகள் அஜந்தா கட்டாருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன கம்பியூட்டரின் முன்னால் அவளை இருத்தி, கடதாசி விளையாட்டைப் போட்டுவிட்டார். அன்னப்பூரணி கலியாணத்துக்கு முந்தி அண்ணன் தம்பி ஐந்து பேரையும் கடதாசியில் தோற்கடித்து அழவைத்தவள். முதல் நாள் ஒரேயொரு சீட்டை நகர்த்த, இரண்டு மணியிலிருந்து தேத்தண்ணி வரும்வரை சென்றது. ஆனால் நகர்த்தினாள். ஆறு மாதத்தில் கோப்பை பிடித்தாள். ஒரு வருஷத்தில் சோற்றைப் பிசைந்து தானே தின்றாள். பந்தைக் கொடுத்த நேர்ஸ், பந்துதான் இதைச் செய்தது என்று புத்தகத்தில் எழுதிக்கொண்டாள்.

பெட்டி செத்து ஒரு கிழமையில் விரல்கள் திரும்பவும் மடங்கத் தொடங்கின. இரண்டாம் கிழமை தேத்தண்ணிக் கோப்பை கை நழுவி விழுந்தது. அவள் உடைந்த துண்டுகளை இடது கையால் பொறுக்கினாள்.

வேறு வழி பார்க்கவில்லை என்றில்லை. அஜந்தா கட்டாரிலிருந்து ஒரு பலகை போலத் தட்டையான சாமானை அனுப்பினாள். விரலால் தடவினால் சீட்டு ஓடும். "இதில கடதாசிக்குப் பாரமே இல்ல" என்று அன்னப்பூரணி அதைத் திருப்பிப் பிடித்து முகம் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். காத்தான்குடியில் கம்பியூட்டர் திருத்தும் ரிஸ்கான் தன் கடையிலிருந்து ஒரு புதுப்பெட்டியைக் கொண்டுவந்து அதே விளையாட்டைப் போட்டுக் காட்டினான். சீட்டைத் தொட்டதும் அது துள்ளிப்போய் வேறொரு மூலையில் நின்றது. பழைய பெட்டி அப்படியல்ல. ஒரு சீட்டை இழுத்தால் யோசித்து, மூச்சு வாங்கி, பிறகுதான் நகரும். அன்னப்பூரணியின் கையும் அப்படித்தான். அவர்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிருந்தது.

"அண்ணன், பெட்டியில ஒரு பிழையும் இல்ல" என்றான் ரிஸ்கான், உள்ளே மூக்கை விட்டுப் பார்த்தபடி. "பவர் சப்ளை மட்டும்தான் எரிஞ்சிரிக்கி. ஆனா இந்தக் கம்பனிக்காரன் இந்தப் பெட்டிக்கெண்டு தனி அளவில செஞ்சிரிக்கான். வேற எதப் போட்டாலும் எல்லாம் சேத்து எரிஞ்சிரும். இந்தச் சாமான் கொழும்பிலயும் இல்ல, துபாயிலயும் இல்ல."

"அப்ப எங்கதான் கிடக்கு?"

ரிஸ்கான் ஒரு நோயாளியின் வீட்டாருக்குச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தினான். "செயலகத்துக்குப் பின்னால ஒரு குவியல் கிடக்கு, அண்ணன். அச்சொட்டா இதே பெட்டி. ஆனா அங்க போறதெண்டா வீட்டில சொல்லிட்டுப் போங்க."

வாவிக்கரை மீளமைப்பு இணைப்புச் செயலகம் சுனாமிக்குப் பிறகு தொடங்கப்பட்டது. மீளமைக்க வேண்டியதெல்லாம் மீளமைத்து, மீளமைத்தது பழசாகி, அதிலும் சிலது இடிந்து விழுந்துவிட்டது. செயலகம் மட்டும் அசையாமல் இருக்கிறது. அதை மூடச் சொல்லும் கடிதம் அங்கேயே பூட்டிய ஒரு அலுமாரிக்குள் இருப்பதாகவும், அலுமாரியின் திறப்பு கொழும்பில் இருப்பதாகவும் சொல்வார்கள்.

நல்லரத்தினம் முப்பத்தொரு வருஷம் மட்டக்களப்பு – கல்முனை பாதையில் பஸ் கொண்டக்டராக இருந்து இளைப்பாறியவர். சனம் கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளி நின்றால் எல்லாருக்கும் இடம் கிடைக்கும் என்பது அவர் வாழ்க்கையில் கண்ட உண்மை. அந்த நம்பிக்கையோடுதான் செயலகத்துப் படியேறினார்.

உள்ளே எல்லாவற்றுக்கும் பெயர் ஒட்டியிருந்தார்கள். உற்பத்தித்திறன் போட்டிக்காகச் செய்ததாம். கதவில் 'கதவு' என்றிருந்தது. கதிரையில் 'கதிரை'. தண்ணீர் இல்லாத பானையில் 'குடிநீர்'. 'பொதுமக்கள் வரவேற்கப்படுகிறார்கள்' என்ற பலகைக்குக் கீழே கயிறு கட்டி வழியை மறித்திருந்தார்கள். கயிற்றில் 'கயிறு' என்றிருந்தது.

பிரதம எழுதுவினைஞர் புஸ்பம் மிஸ் தலை நிமிராமல் கேட்டார். "என்ன விசயம்?"

"மிஸ், என்ட பொஞ்சாதிக்கு ஒரு பவர் சப்ளை வேணும்."

"பொஞ்சாதிக்கா?"

"கம்பியூட்டருக்குத்தான். ஆனா பொஞ்சாதிக்கு."

'விண்ணப்பதாரர் தெளிவற்றவர்' என்று புஸ்பம் மிஸ் எழுதிக்கொண்டார்.

நல்லரத்தினம் ஆதியோடந்தமாக எல்லாம் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே அந்தக் குவியல் தெரிந்தது. தகரக் கொட்டிலுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக, தன் வீட்டுப் பெட்டியின் கூடப்பிறந்ததுகள். ஒன்றின் பக்கத் தகடு திறந்திருந்தது. அதற்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"அந்தா கிடக்கு மிஸ். ஒண்டே ஒண்டு தந்தீங்கண்டாக் காணும். உங்களுக்கு அது குப்பைதானே?"

புஸ்பம் மிஸ்ஸின் பேனை நின்றது. "குப்பையெண்டு யார் சொன்னது? அதைக் குப்பையெண்டு சொல்ல கழிப்புச் சபை கூடோணும். அது கூடுமட்டும் அது அரசாங்கச் சொத்து. சொத்தைக் குடுக்க ஏலா."

"அப்ப சபை கூடினாப் பிறகு வாறன்."

"சபை கூடினாப் பிறகு அது அரசாங்கக் குப்பை. குப்பையையும் குடுக்க ஏலா. அண்டைக்கே மெசினை விட்டு நொறுக்கிப்போடோணும். சுற்றறிக்கை அப்பிடி."

"சொத்தா இருக்கிறதுக்கும் குப்பையாப் போறதுக்கும் இடையில ஒரு அரை மணித்தியாலம் இராதா மிஸ்?"

"இடையில தேத்தண்ணி இடைவேளை" என்றார் புஸ்பம் மிஸ். "அப்ப அலுவலகம் இயங்காது."

"அந்தக் கோழி?"

"அது பதிவில இல்ல. அதால அது அங்க இல்ல."

வெளியே வந்து, 'மரம்' என்று பெயர் ஒட்டிய வேப்பமரத்தின் கீழ் நின்ற நல்லரத்தினத்தைக் களஞ்சியப் பொறுப்பாளர் ஹமீட் கூப்பிட்டு, தன் பால் விடாத பிளேன்ரீயில் பாதியை ஊற்றிக் கொடுத்தார். ஏறாவூர் மனிதர், இளைப்பாற ஆறு மாதம் கிடந்தது.

"சபை கூடாது அண்ணன்" என்றார் ஹமீட். "பதினெட்டு வருசமாக் கூடல்ல. பதிவேட்டில நாப்பத்து மூணு பெட்டி. குவியல்ல நாப்பத்திரெண்டு. ஒண்டு குறையுது. கணக்கு ஒத்துவந்தாத்தான் சபை கூடலாம். இது தீராட்டி எனக்குப் பென்சனும் இல்ல. ராவு படுத்தாலும் நாப்பத்திரெண்டுமட்டும் எண்ணிப்போட்டு முழிச்சிக் கொள்ளுறன்."

நல்லரத்தினம் அவருக்காக உண்மையாகவே கவலைப்பட்டார். அந்த நாற்பத்து மூன்றாவது எங்கே போயிருக்கும் என்று அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

அடுத்த கிழமை பணிப்பாளர் விஜிதரனைச் சந்திக்க அனுமதி கிடைத்தது. நல்ல மனிதர், சிரித்த முகம். பொதுமகன் ஒருவரை நேரில் கண்டு கனகாலம் என்று எழுந்து நின்று கைகொடுத்தார். பிறகு உட்கார்ந்து, கூட்டத்தில் பேசுவதுபோல் பேசத் தொடங்கினார்.

"ஐயா, இந்தச் செயலகம் மக்களுக்காகவே இருக்கிறது. மக்கள் இல்லாத நாட்களிலும் நாங்கள் மக்களுக்காகவே இருக்கிறோம். சென்ற வருடம் நாங்கள் நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்களுக்குப் பதில் எழுதினோம். அவற்றில் முன்னூற்று ஐம்பது நாங்களே எங்களுக்கு எழுதியவை. வேறு எந்தத் திணைக்களத்தில் இவ்வளவு ஒருங்கிணைப்பைக் காணலாம்? உங்கள் மனைவியின் கை எங்கள் கை. அந்தக் கைக்காக எங்களால் செய்யக்கூடியது எதுவென்று ஆராய்வதற்கு, முதலில் எங்களால் ஏதாவது செய்யக்கூடுமா என்று ஆராய வேண்டும்."

"அப்ப தருவீங்களா ஐயா?"

"இரண்டு சாமான் கொண்டுவாங்க" என்று பணிப்பாளர் சாதாரணப் பேச்சுக்கு இறங்கினார். "உங்கட பெட்டி எங்கட பெட்டி மாதிரித்தான் எண்டு காட்ட அந்தப் பெட்டி. அது வேலை செய்யல்ல எண்டு காட்ட கிராம சேவகரிட்ட ஒரு அத்தாட்சிப் பத்திரம்."

கிராம சேவகர் நல்ல வேலைக்காரன் என்று பெயர் எடுத்தவர். ஆனால் கம்பியூட்டர் செத்ததற்குக் கொடுக்க அவரிடம் படிவம் இல்லை. இருந்ததெல்லாம் வதிவிட, நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்றுதான். வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல் அதையே நிரப்பிக் கொடுத்தார். 'மேற்படி கணினி இப்பிரிவில் இருபது வருடங்களாக நிரந்தரமாக வசித்து வருகிறது. நன்னடத்தையுடையது. எந்தவொரு சட்டவிரோதச் செயலிலும் ஈடுபட்டதாக எனக்குத் தெரிய வரவில்லை. தற்போது சுகவீனமுற்றுள்ளது.'

இந்தச் சான்றிதழோடு பெட்டியைத் துவாயில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனார் நல்லரத்தினம். அன்னப்பூரணி வாசல்மட்டும் வந்து, "பக்குவமாக் கொண்டுபோங்க, பள்ளத்தில விழுத்திப்போடாதீங்க" என்று இடது கையைக் காட்டி அனுப்பினாள்.

பெட்டியைக் கொட்டிலுக்குள் கொண்டுபோய், ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக மற்றதுகளின் பக்கத்தில் வைக்கச் சொன்னார்கள். வைத்தார். ஹமீட் பழக்கதோஷத்தில் எண்ணத் தொடங்கினார்.

"நாப்பது. நாப்பத்தொண்டு. நாப்பத்திரெண்டு." விரல் நின்றது. பிறகு கடைசிப் பெட்டியைத் தொட்டது. "நாப்பத்து மூணு."

இன்னொரு தரம் எண்ணினார். புஸ்பம் மிஸ் வந்து எண்ணினார். பணிப்பாளர் வந்து, தான் எண்ணாமல், மற்றவர்கள் எண்ணுவதை மேற்பார்வை செய்தார். நாற்பத்து மூன்று. ஹமீட் நிலத்தில் குந்தியிருந்து, "யா அல்லாஹ், பதினெட்டு வருசம்" என்று அழுதார். காரியாலயத்துக்குள்ளிருந்து ஆட்கள் ஓடிவந்து கைகொடுத்தார்கள். யாரோ கட்லட்டுக்கும் வாழைப்பழத்துக்கும் சொல்லியனுப்பினார்கள். கோழிகூட எழும்பிப் பார்த்தது. நல்லரத்தினமும், விசயம் என்னவென்று விளங்காமலே, எல்லாரும் சந்தோசமாக இருக்கிறார்களே என்று சிரித்துக்கொண்டு நின்று ஒரு கட்லட் தின்றார். அதைத் தின்று முடிப்பதற்குள் அவருடைய பெட்டியில் '43' என்று ஒட்டியாகிவிட்டது.

"இல்ல இல்ல, இது என்ட பெட்டி" என்றார், வாயில் மிச்சம் இருக்கவே. "சுனாமி நேரம் இஞ்ச சாமான் குடுத்த வெள்ளைக்காரர்ட கந்தோரிலதான் என்ட மகள் வேலை செஞ்சவள். அவங்க போகக்குள்ள இதை அவளுக்குக் குடுத்திட்டுப் போனவங்க. கடிதமும் இரிக்கு."

மடித்து மடித்துத் தேய்ந்த கடிதத்தைப் பணிப்பாளர் வாங்கிப் பார்த்தார். அப்போதுதான் எல்லாருக்கும் கதை விளங்கியது. வெள்ளைக்காரர் நாற்பத்து மூன்று என்று பட்டியலை அனுப்பிவிட்டு, போகிற போக்கில் ஒன்றைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பதினெட்டு வருஷம் தேடிய பெட்டி நாலு மைல் கட்டைக்கு அங்கால் ஆரையம்பதியில் கடதாசி விளையாடிக்கொண்டிருந்திருக்கிறது.

"கடிதம் இங்கிலீசில கிடக்கு" என்றார் பணிப்பாளர், மிகுந்த அனுதாபத்தோடு. "இதைத் தமிழில மொழிபெயர்த்து, சிங்களத்தில உறுதிப்படுத்தி, திரும்பத் தமிழுக்குக் கொண்டுவரோணும். நாலஞ்சு வருசத்தில ஒரு முடிவு சொல்லலாம். ஆனா ஒண்டு ஐயா, நாங்க உங்களைக் கள்ளன் எண்டு சொல்லமாட்டம். களவெண்டா விசாரணை வைக்கோணும், விசாரணை வைச்சா இன்னும் பத்து வருசம். 'செயலகத்துக்கு வெளியே தற்காலிகமாகப் பாதுகாக்கப்பட்டது' எண்டு எழுதுவம். உங்களுக்கு ஒரு நன்றிக் கடிதமும் தருவம்."

"பவர் சப்ளை?"

"இப்ப உங்களிட்டப் பெட்டியே இல்லையே ஐயா, பவர் சப்ளை என்னத்துக்கு?" என்று புஸ்பம் மிஸ் கேட்டார். கேள்வியில் ஒரு பிழையும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அன்னப்பூரணி மேசையைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பெட்டி இருந்த இடத்தில் மட்டும் சதுரமாக நிறம் மங்காமல் இருந்தது. அவர் வெறுந்துவாயை மேசையில் வைத்துவிட்டு எல்லாம் சொன்னார். கட்லட் தின்றதை மட்டும் சொல்லவில்லை.

"சாமான் வாங்கப் போய்ப் பெட்டியையும் குடுத்திட்டு வந்திரிக்கீங்க" என்றாள் அவள். "நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க. என்னையும் குடுத்திட்டு வந்திருங்க."

அவள் ஏசியிருந்தால் பரவாயில்லை. மேசைக்குக் கீழே அந்த வலது கை, எலி பிடிக்கிற பாவனையில் தானாக ஒருதரம் அசைந்து, பிறகு மடங்கிப் படுத்துக்கொண்டது. கம்பியூட்டரின் மவுசை அவள் எலி என்றுதான் சொல்லுவாள். நல்லரத்தினம் அதைப் பார்த்துவிட்டு வளவுக்குள் போய், கிணற்றடியில் நின்று வெட்கமில்லாமல் அழுதார். முப்பத்தொரு வருஷம் கொண்டக்டராக இருந்து ஒருவரையும் நடுவழியில் இறக்கிவிடாத மனிதர்.

ஆனால் அன்னப்பூரணி சொன்னால் சொன்னதுதான். அடுத்த நாள் சீலையை மாற்றி, பொல்லை ஊன்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள். செயலகத்தில் கயிற்றைப் பொல்லால் தூக்கி, அதற்குக் கீழால் குனிந்து போய், நேரே கொட்டிலுக்குள் நுழைந்து, நாற்பத்து மூன்றாம் பெட்டிக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு இருந்துவிட்டாள். "என்ட ராசா உள்ளுக்கு நிக்கிறார். அவரை ஒரு கரை சேர்க்காம நான் எழும்பமாட்டன்" என்றாள்.

ஹமீட்டுக்கு அவள் முகத்தைப் பார்க்க ஏலவில்லை. தன் பென்சன் இந்த மனிசியின் கையில் ஏறி நிற்பது அவருக்கு விளங்கியது. உள்ளே போய்ச் சுற்றறிக்கைப் புத்தகத்தை எடுத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, சொர்க்கத்துக்கு வழி தேடுகிறவர்போல் பக்கம் பக்கமாகப் பார்த்தார். அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"மிஸ், பந்தி பதினேழு" என்று புஸ்பம் மிஸ்ஸிடம் நீட்டினார். "'கழிப்பதற்கு முன் ஒவ்வொரு பொருளும் பழுதடைந்ததா என்பது, அதனை இயக்கத் தெரிந்த ஒருவரால் பரிசோதிக்கப்படல் வேண்டும்.' எங்களில ஆருக்கும் இதை இயக்கத் தெரியுமா?"

புஸ்பம் மிஸ் யோசித்தார். இருபது வருஷமாக அங்கே ஒருவருக்கும் தெரியாது. அதனால்தான் அந்தப் பெட்டிகள் அவ்வளவு புதிதாக இருந்தன.

"இந்த அம்மாவுக்குத் தெரியும்" என்றார் ஹமீட்.

"அதுக்குச் சாமான் வேணுமே. குடுக்க ஏலா."

"குடுக்கத் தேவையில்ல மிஸ். பதினேழாம் பெட்டியில கழட்டி நாப்பத்து மூணாம் பெட்டியில போட்டா அது குடுக்கிறதில்ல. ரெண்டும் எங்கட. அது உள்ளக இடமாற்றம்."

உள்ளக இடமாற்றம் என்ற சொல்லைக் கேட்டதும் புஸ்பம் மிஸ்ஸின் முகம் முதன்முதலாக இளகியது. எத்தனையோ இடமாற்றத்தைக் கண்ட மனுசி.

ரிஸ்கானைக் கூப்பிட்டார்கள். பதினேழாம் பெட்டிதான் கோழி இருந்த பெட்டி. கோழியும் ஆறு முட்டையும் முதலில் இருபத்திரண்டாம் பெட்டிக்கு மாற்றப்பட்டன. பதிவில் இல்லாதபடியால் அதற்குக் கடிதம் தேவைப்படவில்லை. பவர் சப்ளையைக் கழற்றி, வைக்கோலைத் தட்டி, நாற்பத்து மூன்றில் பூட்டி, குவியலில் கிடந்த ஒரு திரையையும் எலியையும் இணைத்து, மின் ஆளியைப் போட்டான். பெட்டி ஒரு நிமிஷம் யோசித்தது. இருமியது. திரை வெளிச்சமானது.

ராசா திரும்ப வருவார் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்; விளையாட்டைப் புதிதாகத் தொடங்கவேண்டி இருந்தது. அன்னப்பூரணி அதைப் பெரிதுபடுத்தவில்லை. வலது கையை இடது கையால் தூக்கி எலியின்மேல் வைத்தாள். ஒரு சீட்டு அரை அங்குலம் நகர்ந்தது, நின்றது, இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. பின்னால் நின்ற ஐந்து உத்தியோகத்தரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தச் செயலகத்தில் ஒரு காரியம் முன்னேறுவதை அவர்கள் கண்ணால் கண்டது அதுதான் முதல்தரம்.

நாலு மணிக்கு ஹமீட் படிவத்தோடு வந்தார். "அம்மா, பரிசோதனை முடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல தம்பி. நாலு சீட்டுத்தான் போயிரிக்கு."

'நடைபெறுகின்றது' என்று ஹமீட் எழுதினார்.

அன்றிலிருந்து தினமும் இரண்டு மணிக்கு அன்னப்பூரணி போவாள், நாலு மணிக்கு வருவாள். நல்லரத்தினம் கூடப் போய் வேப்பமரத்தின் கீழ் இருப்பார். அவளுடைய கதிரையில் 'பரிசோதகர்' என்று ஒட்டினார்கள். எண்ணிக்கை சரி என்று எழுதி ஹமீட்டின் பென்சன் கடிதமும் போய்விட்டது. இரண்டு மாதத்தில் அன்னப்பூரணி தன் கையால் தேத்தண்ணி குடித்தாள். நாலாம் மாதம் தலையைத் தானே பின்னிக்கொண்டாள். ஒரு பக்கம் கோணல்தான், ஆனால் அன்று அவர்கள் இரண்டு பேரும் வழக்கத்தைவிட மெதுவாக வீட்டுக்கு வந்தார்கள்.

அந்த மாதக் கடைசியில் விஜிதரனுக்கு மாற்றம் வந்து, உதயரூபன் என்று ஒரு புதுப் பணிப்பாளர் வந்து சேர்ந்தார். வாலிபர். காலை எட்டு மணிக்கே கந்தோருக்கு வந்து எல்லாரையும் பயப்படுத்தினார். முதல்நாளே கொட்டிலுக்குள் நுழைந்து, சீட்டாடிக்கொண்டிருந்த அன்னப்பூரணியையும் அடைகாத்துக்கொண்டிருந்த கோழியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இது என்ன இது? நாலு மாசமாப் பரிசோதனையா? வெட்கமில்லையா?" என்று மரத்தடிவரை கேட்கச் சத்தம் போட்டார். "நான் அப்பிடி ஆள் இல்ல. பதினாலு நாள். பதினாலே நாளில் நாற்பத்து மூன்றையும் பரிசோதித்து, சபையைக் கூட்டி, மெசினைக் கொண்டுவந்து நொறுக்கி, இந்த இடத்தில் பூங்கன்று நடுவேன். இந்தச் செயலகத்தில் ஒரு வேலை முடிந்தது என்று சரித்திரம் சொல்ல வேண்டும்!"

நல்லரத்தினம் மரத்தடியிலிருந்து எட்டிப் பார்த்தார். இந்த ஆளுடைய கண்ணில் இருந்தது நிசமான அவசரம். பஸ்ஸில் அப்படிப்பட்ட கண்ணைக் கண்டிருக்கிறார். அந்த ஆட்கள் ஓடும்போதே இறங்குவார்கள். எழும்பிப் போய்க் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்.

"ஐயா, அந்தப் பெட்டி ஒண்டை மட்டும் விட்டுத்தாங்க. அவட கை அதுக்குள்ளதான் கிடக்கு."

"உணர்ச்சிக்கு இங்கே பந்தி இல்லை" என்றார் உதயரூபன். அன்னப்பூரணி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் சீட்டு திரையின் நடுவில் நின்றுவிட்டது.

"தாமதத்துக்கு இனி இடமில்லை" என்று பணிப்பாளர் தொடர்ந்தார். "இந்த வேலையைத் துரிதப்படுத்த இன்றைக்கே, இப்பவே, ஒரு துரிதப்படுத்தல் குழுவை அமைக்கிறேன்."

நல்லரத்தினம் தலை நிமிர்ந்தார்.

"குழுவா ஐயா?"

"ஏழு பேர் கொண்ட குழு. தலைவரைத் தெரிவுசெய்ய ஒரு உபகுழு. உபகுழுவின் முதல் கூட்டத்துக்குத் திகதி குறிக்க மாகாணத்துக்குக் கடிதம் போகும். இனி எல்லாம் மின்னல் வேகம்."

புஸ்பம் மிஸ் பெருமூச்சு விட்டுக்கொண்டு புதுக் கோவை ஒன்றைத் திறந்தார். ஹமீட் வேறு பக்கம் திரும்பி இருமினார். கொட்டிலுக்குள் நடுவில் நின்ற சீட்டு, யோசித்து, மூச்சு வாங்கி, போகவேண்டிய இடத்துக்குப் போனது.

நாலு மணிக்கு வீட்டுக்குப் போகும் வழியில் நல்லரத்தினம் பிள்ளையார் கோயிலடியில் ஆட்டோவை நிற்பாட்டி, ஒரு தேங்காய் வாங்கினார். முப்பத்தொரு வருஷம் பஸ் பிந்தினதற்காகச் சனத்திடம் ஏச்சு வாங்கிய மனிதர், சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடி நின்றார். "பிள்ளையாரப்பா, அந்தக் குழுவுக்கு ஒரு குறையும் வரப்படாது. அவங்க எல்லாரும் நூறு வயசுமட்டும் கூட்டம் கூடிக்கொண்டே இரிக்கோணும்" என்று மனமுருகிக் கேட்டார்.

தேங்காயை உடைக்கக் கையை ஓங்கியபோது அன்னப்பூரணி, "தாங்க இஞ்ச" என்று வாங்கினாள். பொல்லைச் சுவரில் சாத்திவிட்டு, வலது கையை மெதுவாகத் தூக்கி அடித்தாள். முதல் அடியில் உடையவில்லை. இரண்டாம் அடியில் உடைந்தது.